தகரப் பெட்டிச் சீட்டுகளைப் படிக்கவைத்த மிஸ் ஆக்னஸ் ஹலோரன் அம்மையாருக்கு

சுண்ணக்கட்டி சுண்டுவிரல் நகமளவு தேயும்வரை கைவிடாத சிக்கனச் சிகரமே! செவ்வாய் தவறாத செம்மலே! முப்பத்தொரு ஆண்டுகள், முதியவர் வாயிலிருந்து ஒரு சொல் முழுதாக வெளிவரும்வரை மூச்சையும் அடக்கிக் காத்திருந்த பொறுமைப் பெருமலையே! ஓய்வு பெற்றுச் செல்லும் எங்கள் ஆசிரியை மிஸ் ஆக்னஸ் ஹலோரன் அம்மையாரே! மண்டபத்தின் அடித்தளத்திலிருந்து மேடைவரை ஏறிவந்து, தங்கள் செவ்வாய் வகுப்பார் செலுத்தும் வணக்கம்!

இத்தகைய மடல்களில் முகத்தை நிலவென்றும் மொழியைத் தேனென்றும் எழுதுவார்களாம். தங்கள் முகத்தை நாங்கள் நன்றாகப் பார்த்திருக்கிறோம். அது நிலவல்ல, குளிர்காலத்தில் மூக்கு சிவந்துவிடும் முகம். தங்கள் மொழியும் தேனல்ல. தாங்கள் எங்களிடம் அதிகம் சொன்ன சொல் "மறுபடியும்" என்பதுதான். ஆகவே நிலவையும் தேனையும் அவரவர் இடத்தில் விட்டுவிட்டு, நடந்ததை எழுதுகிறோம். எழுதியவர் எங்களில் ஒருவரான பெல்மிரோ ரெபெலோ. சபை கூடிய இடத்தில் வாசிக்கும் மடலில் "நான், நான்" என்று வருவது அழகல்ல என்று செயலர் கண்டித்துச் சொல்லிவிட்டதால், அவரும் மற்றவரைப் போலத் தம் பெயரோடுதான் இதில் வருகிறார்.

ஐயத்துக்கும் அறிவூட்டிய அன்னையே! பெல்மிரோ தங்களிடம் வந்தபோது அவருக்கு வயது அறுபத்தெட்டு. இருபத்திரண்டு வயதில் பிறந்த தீவை விட்டுக் கப்பலேறி, இந்த ஃபால் ரிவர் ஊரில் நாற்பது ஆண்டுகள் சாயப்பட்டறையில் நின்றவர். எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாது. தெரியாதவர் பிறரை நம்பி வாழ வேண்டும் என்பார்கள். பெல்மிரோ ஒருவரையும் நம்பாமலே வாழ்ந்து காட்டினார். மருந்துப் புட்டியை இரண்டு கடைகளில் தனித்தனியே நீட்டி, இருவரும் ஒன்றையே சொன்னால்தான் மாத்திரையை விழுங்குவார். ஒருமுறை இரு கடைக்காரரும் ஒரே சிரிப்போடு ஒரே பதிலைச் சொன்னதால், பேசி வைத்துக்கொண்டார்கள் என்று மூன்றாவது கடைக்குப் போனார்.

அப்படிப்பட்டவரைத்தான் பரிசுத்த ஆவித் திருமுடிச் சபை பதின்மூன்று ஆண்டுகளாகச் சீட்டெடுக்க வைத்திருந்தது. காரணம் அவர் குரல். மண்டபத்து ஒலிபெருக்கி வேலை செய்த நாளை எண்ணிவிடலாம். இயந்திர இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி வளர்ந்த பெல்மிரோவின் குரலோ, கடைசி வரிசையில் சூப் குடிப்பவரின் கரண்டியையும் நடுங்க வைக்கும். ஆண்டுதோறும் ஜூனில், திரித்துவ ஞாயிறன்று, பரிசுத்த ஆவியின் வெள்ளிக் கிரீடமான திருமுடிக்கு முன்னால் பையில் கைவிட்டு ஏழு சீட்டு எடுப்பார். ஏழு பெயர் கூவுவார். மறு ஆண்டு ஈஸ்டர் முதல் வாரத்துக்கு ஒரு வீடாக அந்த ஏழு வீடுகளில் திருமுடி தங்கும். மாலைதோறும் செபமாலை, பிறகு வருகிறவர்க்கெல்லாம் சாப்பாடு. கேட்டு வாங்க முடியாத பேறு அது. சீட்டில் வந்தால்தான் உண்டு.

படிக்கத் தெரியாதவர் பெயரை எப்படிக் கூவினார் என்று சபையில் ஒருவரும் கேட்கவில்லை. பெல்மிரோவும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவில்லை. சீட்டை எடுப்பது கை, பெயரை வாயில் வைப்பது ஆவியானவர் என்பது அவர் கொள்கை. எடுப்பார், உற்றுப் பார்ப்பார், வாய்க்கு வந்த பெயரைக் கூவுவார். பதின்மூன்று ஆண்டுகளில் அவர் வாய்க்கு வராத பெயர் ஒன்றே ஒன்றுதான்: ஆர்லிந்தோ காமரா. பின்தெருவில் இரண்டாம் மாடியில் இருப்பவர். ஒரு கல்யாண விருந்தில் பெல்மிரோ வீட்டுத் திராட்சை ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "இலைக்கறிக்கு வினிகரா ஊத்திக்க நல்லா இருக்கும்" என்று நாலுபேர் கேட்கச் சொன்னவர். அப்பேர்ப்பட்ட வாயனின் வீட்டுக்குப் போக ஆவியானவருக்கு மட்டும் மனம் வருமா என்பது பெல்மிரோவின் எண்ணம்.

இந்த ஏற்பாட்டில் மண்ணைப் போட்டவர் புதிய செயலர் டென்னிஸ் மெடெய்ரோஸ். இந்த ஊரிலேயே பிறந்து படித்தவர். போன செப்டம்பர்க் கூட்டத்தில், "இனிமே எடுத்த சீட்டையெல்லாம் வாசல் பலகையில குத்தி வெச்சிடுவோம். வராதவங்களும் பாத்துக்கலாம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பெல்மிரோவும் தட்டினார்; தட்டிய பிறகுதான், கூவிய பெயரையும் பலகைச் சீட்டையும் ஊரே ஒப்பிட்டுப் பார்க்கும் என்பது உறைத்தது. அடுத்த செவ்வாய் மாலை, அடித்தளத்துக்குப் போகும் படிகளில் ஒரு கனத்த காலடி கேட்டது.

"எதுக்கு வந்திருக்கீங்க, மிஸ்டர் ரெபெலோ?" என்று கேட்டீர்கள்.

"கீழ ஹீட்டர் நல்லா எரியுதுன்னாங்க."

"அப்படியே கொஞ்சம் படிக்கவும் செய்யலாமே."

"உங்களுக்குச் சம்பளம் யாரு தர்றது?"

"நகரப் பள்ளி."

"நான் படிக்கலேன்னா பிடிச்சுக்குவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்புறம் உங்களுக்கு என்னம்மா அக்கறை? இதுல என்னமோ இருக்கு."

தாங்கள் கோபிக்கவில்லை. பாடப் புத்தகத்தை எடுத்து, டாமிடம் ஒரு பழைய வேன் இருக்கிறது என்ற முதல் வரியைக் காட்டினீர்கள்.

"டாம் யாரு? எந்தத் தெரு?" என்றார் பெல்மிரோ.

"சும்மா, ஒரு ஆள்."

"இல்லாத ஆளுகிட்ட இல்லாத வேன். இதைப் படிச்சு நான் எந்தக் கோர்ட்டுல சாட்சி சொல்லணும்?"

குணக்குன்றே! வேறொருவராயிருந்தால் அன்றே அவரைப் படியேற்றி அனுப்பியிருப்பார். தாங்களோ அந்தப் புத்தகத்தை மூடினீர்கள். அதன்பின் அவருக்காக அதைத் திறக்கவேயில்லை. "உங்க வீட்டுல என்ன எழுதியிருக்குன்னு நீங்களே தெரிஞ்சுக்க நினைக்கிற காகிதம் ஏதாவது இருந்தா எடுத்துட்டு வாங்க, மிஸ்டர் ரெபெலோ" என்றீர்கள்.

மூன்று வாரம் வெறுங்கையோடு வந்தார். நான்காம் வாரம் மருந்துப் புட்டி. பிறகு விதைப் பொட்டலம், மின்வாரியக் கடிதம். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. அவர் ஒரு சொல்லில் முட்டி நிற்கும்போதெல்லாம் தாங்கள் எடுத்துக் கொடுக்கவில்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் பேசியது. எடுத்துக் கொடுக்கத் துடித்தவர் பக்கத்து இருக்கைக்காரர் தெயொலிந்தா. அவர் யாரோ அல்ல, அதே ஆர்லிந்தோவின் மனைவி; எங்கள் வகுப்பிலேயே வேகமாகப் படிப்பவர், அதைவிட வேகமாக முணுமுணுப்பவர். தாங்கள் அவர் வாயில் ஒரு புதினா மிட்டாயைப் போட்டு, அது கரையும்வரை பேசக்கூடாது என்று விதித்தீர்கள். கடித்துத் தின்றுவிடுகிறார் என்று தெரிந்ததும் பெரிய மிட்டாயாக வாங்கி வந்தீர்கள்.

ஜனவரியில் ஒரு செவ்வாய், பெல்மிரோ அரைமணி முன்னதாக வந்தார். கோட்டுக்குள்ளிருந்து ஒரு பிஸ்கட் தகரப் பெட்டி வெளியே வந்தது. திருமுடிக்கு முன்னால் எடுத்த சீட்டைக் குப்பையில் போடுவது பாவம் என்று, பதின்மூன்று ஆண்டுச் சீட்டுகளையும் அவர் சேர்த்து வைத்திருந்தார். ஆண்டுக்கு ஒரு நிற நூலால் கட்டு. சாயப்பட்டறைக்காரருக்கு ஆண்டென்றால் நிறம்தானே. பழைய செயலர் தட்டச்சில் அடித்த சீட்டுகள் அவை: மிஸ்டர், மிசஸ், பெயர், தெரு, மாடி. ஜூனில் பலகையில் குத்தப்போவது இந்த மாதிரிச் சீட்டைத்தான் என்பதால், பழகிக்கொள்ள எடுத்து வந்திருந்தார். வேறு எண்ணம் இல்லை.

நீலநூல் கட்டிலிருந்து ஒன்றை உருவி, மூக்கருகே பிடித்தார். மிஸ்டர் வந்தது. மிசஸ் வந்தது. பிறகு வெகுநேரம் கடிகாரம்.

"ஆர்... ஆர்லி... ஆர்லிந்தோ. கா. காமரா. இரண்டாம் மாடி."

"மறுபடியும்" என்றீர்கள்.

மறுபடியும் ஆர்லிந்தோதான். அந்த நீல ஆண்டில் அவர் கூவிய பெயர்கள் அவருக்கு நினைவிருந்தன. முதலில் கூவியது ஏணி இரவல் கொடுத்த நோர்பெர்த்தோ பச்சேக்கோவின் பெயர். அவசரமாகத் துருநிறக் கட்டைப் பிரித்தார். அதிலும் ஒரு ஆர்லிந்தோ. பச்சையில் ஒன்று. போன ஆண்டின் மஞ்சளில் ஒன்று. தாங்கள் எழுந்து நின்று கைதட்டினீர்கள்.

"பிரமாதம்! நாலு சீட்டு, ஒரு தப்பு இல்ல!"

"டீச்சர், இந்த எழுத்து வேற யாரோட பேராவும் இருக்க முடியுமா?"

"முடியாதே."

"நல்லா பாருங்க. இதுல மெழுகு சொட்டியிருக்கு."

"மெழுகுக்குக் கீழயும் ஆர்லிந்தோதான், மிஸ்டர் ரெபெலோ."

அவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். தாங்கள் கைதட்டிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டீர்கள். "இப்ப நான் என்ன பண்றது?" என்றதற்கு, "படிக்கத்தான் நான் சொல்லித்தர முடியும். படிச்சதை என்ன பண்றதுங்கிறது எனக்கும் கஷ்டமான பாடம்தான்" என்றீர்கள். பெல்மிரோ பெட்டியை மூடிக்கொண்டு எழுந்தார்.

"அறுபத்தெட்டு வருஷம் நல்லவனா இருந்தேன். நாலு மாசத்துல கெடுத்துட்டீங்க!"

இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாவது வாரம், பனியில் நடந்து, மூன்றடுக்கு மரவீட்டின் வெளிப்படிகளில் ஏறி, தாங்களே அவர் வீட்டுச் சமையலறைக்குப் போனீர்கள். பெல்மிரோவின் மனைவி இல்டா தங்கள் முன் கீரை சூப்பை வைத்தார். கேளாமலே பேச்சையும் வைத்தார்.

"நல்லா கேளுங்க டீச்சர். பதிமூணு வருஷமா இவர் கூவின பேரெல்லாம் யாரு? முந்தின வாரம் நம்ம வீட்டுக்குப் பலகாரம் அனுப்பினவங்க. எனக்கு அப்பவே சந்தேகம்."

"ஆவியானவர்தான் வாயில வெச்சாரு" என்றார் பெல்மிரோ.

"ஆவியானவர் வெக்கல. இனிப்பு ரொட்டி வெச்சாங்க."

தாங்கள் சிரிக்கவில்லை, சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று இல்டா சொல்கிறார். தோள் மட்டும் குலுங்கியதாம். இரண்டாம் கிண்ணம் முடிந்ததும் எழுந்து, "செவ்வாய், ஆறரை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனீர்கள்.

வந்தார். வந்த அன்றே மாட்டிக்கொண்டார். தமக்கு வேண்டியதை ஒவ்வொருவரும் ஒரே வாக்கியத்தில் பலகையில் எழுத வேண்டும் என்பது அன்றைய பாடம். ஒருவர் புதுப் பல்செட்டு கேட்டிருந்தார். ஒருவர் மருமகள் தொலைபேச வேண்டும் என்று எழுதியிருந்தார். மூன்றாவது வரியை வாசிக்கப் பெல்மிரோவை அழைத்தீர்கள். இந்த முறை அவர் எங்கும் முட்டவில்லை. "திருமுடி எங்கள் வீட்டுக்கு வர வேண்டும்" என்று வாசித்தார். எழுதியவர் தெயொலிந்தா.

நாங்கள் கைதட்டினோம். தெயொலிந்தா மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "பேத்திக்கு பாஸ்டன்ல நெஞ்சுல ஆபரேஷன் பண்ணினப்ப நேர்ந்துக்கிட்டேன், பெல்மிரோ. பொழச்சு எந்திரிச்சா திருமுடிக்கு எங்க வீட்டுல சோறு போடுறேன்னு. பொழச்சா. இப்ப கூடைப்பந்து ஆடுறா. சீட்டுதான் வரல. ஒவ்வொரு வருஷமும் குலுக்கலுக்கு முன்னாடி வீட்டுக்கு வெள்ளையடிக்கிறேன். ஆவியானவருக்கு எங்க வீட்டுல என்னமோ பிடிக்கல."

சொல்வதா வேண்டாமா என்று பெல்மிரோ கணக்குப் போட்டார். சொன்னால் பதின்மூன்று ஆண்டு மரியாதை போகும், சபையே போகும், தெருவில் தலை நிமிர முடியாது. சொல்லாவிட்டால் அந்த அம்மாள் மறுபடி சுண்ணாம்பு கரைப்பாள். இந்தச் சுமையோடு நான்கு மாதம் இருந்தார். நன்றாகப் படித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மனம் சரியில்லாதவர் வேறென்ன செய்வார்?

கல்விக் கலங்கரையே! திரித்துவ ஞாயிறன்று தாங்களும் விருந்தினராக வந்து, மாட்டிறைச்சிச் சாறில் ஊறிய ரொட்டியோடு கடைசி வரிசையில் அமர்ந்திருந்தீர்கள். பெல்மிரோவிடம் ஒரு திட்டம் இருந்தது. இந்த ஏழில் ஒன்று ஆர்லிந்தோவாக இருந்துவிட்டால், தெயொலிந்தாவின் நேர்ச்சை நிறைவேறும், பழி கழியும், வாயைத் திறக்கவே வேண்டாம். முதல் சீட்டை எடுத்தார். வாழ்நாளில் முதன்முறையாகத் திருமுடிக்கு முன்னால் சீட்டில் இருந்ததைப் படித்தார். அதற்கு நேரமாயிற்று.

"பெல்மிரோ, சூப் ஆறுதுய்யா!"

"கண்ணாடியைத் திருப்பி மாட்டுய்யா!"

முன்வரிசையில் ஒருவர் எட்டிப் பார்த்து எடுத்துக் கொடுக்க வாயெடுத்தார். கடைசி வரிசையிலிருந்து ஒரு புதினா மிட்டாய் கைமாறிக் கைமாறி அவரிடம் வந்து சேர்ந்தது. யார் அனுப்பியது என்று எங்களுக்குத் தெரியும்.

ஏழும் படித்து முடித்தார். ஏழும் உள்ளது உள்ளபடி. ஏழிலும் ஆர்லிந்தோ இல்லை.

தெயொலிந்தா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மேடையிலிருந்த பெல்மிரோ, அந்த அம்மாள் நாற்காலிகளுக்கிடையே ஒதுங்கி ஒதுங்கி வாசலை நோக்கிப் போவதைப் பார்த்தார். பிறகு, சாயப்பட்டறையில் நாற்பது ஆண்டுகளில் கத்தாத கத்தலாகக் கத்தினார்:

"உக்காரும்மா! இன்னும் முடியல!"

மேசைக்கடியிலிருந்து தகரப் பெட்டியை எடுத்தார். நீலம், துரு, பச்சை, மஞ்சள். நான்கையும் படித்தார். ஆர்லிந்தோ காமரா, இரண்டாம் மாடி. ஆர்லிந்தோ காமரா, இரண்டாம் மாடி. நான்கு முறை. "இந்தச் சீட்டெல்லாம் வந்துச்சு. அப்ப எனக்குப் படிக்கத் தெரியாது. வேற பேரைக் கூவினேன். பதிமூணு வருஷமும் அப்படித்தான். வீட்டுல ஒரு குத்தமும் இல்ல. குத்தம் இங்க நிக்குது."

முதலில் எழுந்தவர் ஆர்லிந்தோ.

"நாலு தடவையா?"

"நாலு."

"வாரத்துக்கு ஏழு நாளு, நாளைக்கு அறுபது பேருக்குச் சோறு. யோவ், நாலு தடவை நீ என்னைக் காப்பாத்தியிருக்கேய்யா!"

"நீ உக்காரு!" என்றார் தெயொலிந்தா. கணவரைத் தாண்டி மேடைக்கு ஏறினார். "பதிமூணு வருஷம், பெல்மிரோ! படிக்கட்டை முழங்கால் போட்டுத் தேச்சேன். என்ன பாவம்னு தெரியாம, இந்த மனுஷனோட பழைய கோட்டுப் பையெல்லாம் துழாவினேன்!"

"கோட்டுப் பையையா?" என்றார் ஆர்லிந்தோ.

"உக்காருன்னேன்!" நான்கு சீட்டுகளையும் பெல்மிரோவின் கையிலிருந்து வாங்கி, ஒவ்வொன்றாகத் தாமே படித்துப் பார்த்தார். மெழுகை நகத்தால் சுரண்டிவிட்டும் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாலு சீட்டு, நாலு வாரம். இன்னிக்குச் சாயங்காலத்துலேர்ந்து."

திருநாள் முடிந்தால் திருமுடி பெட்டகத்துக்குப் போக வேண்டும் என்பது விதி. சபைத் தலைவர் பாதிரியாரைப் பார்த்தார். பாதிரியார் தெயொலிந்தாவைப் பார்த்தார்; பிறகு தம் சூப்பைப் பார்த்தார். விதி மாறியது.

"இன்னொண்ணு" என்றார் தெயொலிந்தா. "தினம் செபமாலை முடிஞ்சு, நோயாளிங்க பேரையும் செத்தவங்க பேரையும் பெல்மிரோதான் வாசிக்கணும். நான் பக்கத்துல நின்னு பாப்பேன். இனிமே இந்த ஆளு எங்க எதை வாசிச்சாலும் நான் பக்கத்துல நிப்பேன்."

அவ்வாறே நான்கு வாரம் நடந்து, நேற்று முன்தினம் நிறைவேறியது. முதல் நாள் பதினொரு பெயருக்கு இருபது நிமிடம். அடுப்பில் சாறு இருமுறை வற்றியது. கடைசி நாள் முப்பது பெயர், ஆறு நிமிடம். பேத்தி ஊரிலிருந்து வந்து பரிமாறினாள். பெல்மிரோவும் ஆர்லிந்தோவும் நண்பர்களாகிவிட்டார்கள் என்று எழுதினால் மடலுக்கு அழகாக இருக்கும், ஆகவில்லை. சீட்டெடுக்கும் பொறுப்பு பெல்மிரோவிடமிருந்து போய்விட்டது. அடுத்த ஆண்டு முதல் தெயொலிந்தா எடுப்பார். தெருவில் இருவர் இன்னும் அவரோடு பேசுவதில்லை. முன்பு பேசியவர்கள்தானா என்பதும் அவருக்கு இப்போது சந்தேகம்.

தன்னலம் அறியாத தாயே! படிப்பு மனிதனை உயர்த்தும் என்று மேடைகளில் முழங்குவார்கள். பெல்மிரோவை அது மேடையிலிருந்து இறக்கிவிட்டது. ஆனாலும் தங்களுக்கு அவர் நன்றி சொல்கிறார். இந்த ஒரு நன்றியை இரண்டு கடையில் விசாரிக்காமல் சொல்கிறார். தாங்கள் ஒருநாளும் அவருக்கு ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்ததில்லை. மேடையில் அந்த நான்கு சீட்டோடு அவர் நின்றபோதும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவரே சொல்வார் என்று காத்திருந்தீர்கள். அறுபத்தெட்டு ஆண்டுகளில் அவருக்காக அப்படிக் காத்திருந்தவர் வேறொருவரும் இல்லை.

கடற்கரை ஊரில் தங்கை வீட்டுக்குப் போகிறீர்களாம். படியேறாத வீடும், வலியறியாத முழங்காலும், கண்ணாடி தேடாத கண்ணும், தங்கையோடு தகராறில்லாத அடுக்களையும், தொண்ணூறைத் தாண்டியும் தளராத நடையும் தங்களுக்கு வாய்க்க வேண்டுகிறோம். செவ்வாய் மாலை ஆறரைக்கு அங்கே கை சும்மா இருக்காது என்றால், எங்களுக்குக் கடிதம் எழுதுங்கள். நாங்களே பிரித்து, நாங்களே படிப்போம், நேரமாகும், அவ்வளவுதான்.

தங்கள் "மறுபடியும்" காதில் நீங்காத,
செவ்வாய் வகுப்பார் பதினால்வர்,
திருமுடிச் சபை மண்டப அடித்தளம், ஃபால் ரிவர்.

(வாசித்து முடித்தபின், மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுமுன் சேர்த்தது:)
எழுதியிருந்ததைத்தான் பெல்மிரோ வாசித்தார். ஒரு பெயரும் மாறவில்லை. பக்கத்தில் நின்று, விரல் வைத்துப் பார்த்தேன்.
தெயொலிந்தா காமரா, இரண்டாம் மாடி.